டெங்கு ஓய்ந்த பின் கறுத்த அண்ணம்: படுவான்கரை விவசாயி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

எங்களிடம் வந்து சேர்வதற்கு முன் இந்த நோயாளியை ஐந்து இடங்களில் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு ஓரிடம், டெங்குவுக்கு ஓரிடம், அசதிக்கு ஓரிடம், பல்வலிக்கு ஓரிடம், மூக்கடைப்புக்கு ஓரிடம். ஒவ்வோரிடத்திலும் கண்முன் தெரிந்த குறைக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்தையும் ஒரே மனிதனின் ஒரே கதையாக யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கு இரண்டு கேள்விகள் போதுமாக இருந்தன: உங்கள் சீனியின் அளவு என்ன? நீங்கள் போடும் குளிசை என்ன? இந்த நிகழ்வை விரிவாக எழுதுவது அந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான்.

நோயாளியின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

நோயாளியும் அவருடைய காய்ச்சலும்

வயது 54. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நெற்செய்கை. எடை 62 கிலோ. புகைப்பதில்லை. ஆறு வருடங்களுக்கு முன் நீரிழிவு என்று சொல்லி மெட்போர்மின் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போயிருக்கிறார். பிறகு விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணத்தை அலட்சியம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கிளினிக் நாளில் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு, துறையில் பாதைக்காக (வாவியைக் கடக்கும் படகுக்காக) காத்திருந்து, அக்கரையில் பஸ் பிடித்து, இரத்தம் கொடுத்து, வரிசையில் இருந்து மருந்து எடுத்து வீடு திரும்பப் பின்னேரமாகிவிடும். வயலில் தண்ணீர் கட்டவேண்டிய நாளிலும் அறுவடை நாளிலும் அப்படி ஒரு நாளை இழக்க முடியாது. ஓரிரு தடவை தவறியது. அதன் பிறகு ஏச்சு விழும் என்ற கூச்சத்தில் போகவேயில்லை. கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்தது. கடைசிப் பதிவு நான்கு வருடங்களுக்கு முந்தியது.

பெரும்போக அறுவடை தொடங்கிய பெப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தேங்கிய நீர் வற்றாத அந்த மாதங்களில் கிழக்கில் டெங்கு வருவது வழக்கம். 2017இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்ட பிறகு, காய்ச்சல் என்றதும் இரத்தம் பார்க்கும் பழக்கம் எங்கள் மக்களிடம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. இவரும் மூன்றாம் நாளே பார்த்தார். டெங்கு வைரசைக் காட்டும் என்.எஸ்.1 பரிசோதனை நேர்நிலை. வெண்குருதிக் கலங்கள் 3,100. சிறுதட்டுகள் 112,000.

ஐந்தாம் நாள் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். சிறுதட்டுகள் ஆறாம் நாள் 41,000 வரை இறங்கின. குருதிப் பாய்மக் கசிவு இல்லை, இரத்தக்கசிவும் இல்லை. திரவக் கணக்கு மணிக்கு மணி எழுதப்பட்டிருந்தது. டெங்குவைப் பொறுத்தவரை அது குறை சொல்ல முடியாத பராமரிப்பு. எட்டாம் நாள் 96,000க்கு ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் சேர்த்த அன்று எடுத்த எழுமாற்றுக் குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 268 மில்லிகிராம் என்று அதே படுக்கைச்சீட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதற்குப் பிறகு சீனி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெளியேறும்போது கொடுத்த அட்டையில் டெங்குக் காய்ச்சல் என்பது மட்டும் இருந்தது. கடுமையான காய்ச்சலில் சீனி கொஞ்சம் ஏறும், அது உண்மை. அந்த உண்மைக்குள் எத்தனை பழைய நீரிழிவுகள் மறைந்துபோகின்றன என்பதை இந்த நோயாளிக்குப் பிறகுதான் எண்ணிப்பார்க்கத் தொடங்கினேன்.

கடதாசிப் பொட்டலம்

டெங்கு விட்டுப்போகும்போது உடம்பையும் கொண்டுபோய்விடும் என்பார்கள். காய்ச்சல் நின்று மூன்று நான்கு வாரம் கழிந்தும் மாடிப்படி ஏற முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்கும் எழுந்து நின்றால் தலை சுற்றியது, மூட்டுகள் நொந்தன. வயலிலோ கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஒன்பதாம் நாள் தனியார் மருத்துவரிடம் போனார். இரண்டு ஊசி போட்டு, ஒரு கடதாசிப் பொட்டலத்தில் சிறிய வெள்ளைக் குளிசைகளைப் பத்து நாளைக்குக் கொடுத்தார்கள். காலையில் நான்கு, இரவில் நான்கு. பொட்டலத்தில் அந்தக் கணக்கு மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. மருந்தின் பெயர் இல்லை.

“இரண்டாம் நாளே உடம்பு பழையபடி வந்துவிட்டது டொக்டர். பசி எடுத்தது, இரவில் நித்திரை இல்லாமலும் களைக்கவில்லை” என்றார். வயலுக்குப் போனார். அறுவடைத் தூசிக்குள் நின்றார். அந்த நாள்களில் தாகம் அதிகமாகியிருந்தது. இரவில் ஐந்தாறு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். வெயிலில் நின்றதால் தாகம், தண்ணீர் நிறையக் குடித்ததால் சிறுநீர் என்று தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

அந்தக் குளிசை எது என்று கண்டுபிடித்தது அவருடைய மூத்த மகள் எஞ்சிய பொட்டலத்தை எறியாமல் வைத்திருந்ததால்தான். சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டோம். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட், 5 மில்லிகிராம் என்று அந்த மருத்துவர் மறைக்காமல் சொன்னார். நாளுக்கு எட்டு என்றால் 40 மில்லிகிராம். பத்து நாளுக்கு 400. ஊசியில் இருந்தது டெக்சாமெதசோன், அதுவும் ஸ்டெரொயிட்தான். சீனி வருத்தம் இருக்கிறதா என்று தான் கேட்டதாகவும், இல்லை என்று நோயாளி சொன்னதாகவும் அவர் கூறினார். அதுவும் உண்மையாக இருக்கலாம். மருந்து நிறுத்தியவர்கள் பலர் நோயும் நின்றுவிட்டதாகவே நம்புகிறார்கள்.

முகம்

பதினாறாம் நாள் இடது மேல் கடைவாய்ப் பல் வலித்தது. பதினேழாம் நாள் பல்லைப் பிடுங்கினார்கள். பல் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்ததாகவும் பிடுங்கும்போது இரத்தம் அதிகம் வரவில்லை என்றும் அவருடைய மனைவி நினைவுபடுத்திச் சொன்னார். நீரிழிவுக்காரரின் வாயில் இரத்தம் வராத காயம் என்பது நல்ல செய்தி அல்ல. அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பல் பிடுங்கிய குழி ஆறவில்லை. பத்தொன்பதாம் நாள் இடது கன்னம் மரத்துப்போனது. சவரம் செய்யும்போது அந்தப் பக்கம் கத்தி பட்டதே தெரியவில்லை என்றார். மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்தது. வெளிநோயாளர் பிரிவொன்றில் சைனஸ் அழற்சி என்று நுண்ணுயிர்க்கொல்லியும் மூக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இருபதாம் நாள் இடது கண்ணிமை தாழ்ந்தது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இருபத்தோராம் நாள் மருமகன் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்தபோது உணர்வு இருந்தது, ஆனால் மயக்கம் போன்ற சோர்வு. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போனது. வெப்பநிலை 37.9 பாகை. இடது கண் முன்தள்ளி, எந்தப் பக்கமும் அசையாமல் நின்றது. முகத்துக்கு முன் காட்டிய விரல்களை மட்டும் எண்ண முடிந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தேன். அண்ணத்தின் இடது பாதியில், நடுக்கோட்டைத் தாண்டாமல், ஐம்பது சத நாணயத்தளவு கறுப்பு. நடுக்கோட்டில் அது நின்ற விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. இரத்தக் குழாய்கள் இடம் வலம் என்று பிரிந்து ஓடுவதால் சாவும் அந்த எல்லையிலேயே நிற்கிறது.

குருதிச் சீனி 486. சிறுநீரில் கீட்டோன் மூன்று கூட்டல். தமனிக் குருதியின் பிஎச் 7.18, பைகாபனேற்று 11. வெண்குருதிக் கலங்கள் 17,800. எச்பிஏ1சி 11.4 வீதம்.

கடைசி எண்ணில் கொஞ்சம் தரித்து நிற்க வேண்டும். எச்பிஏ1சி ஏறத்தாழ முந்திய இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது. பத்து நாள் பிரெட்னிசொலோனால் மட்டும் அதை 11.4க்குக் கொண்டுபோக முடியாது. அதாவது நுளம்பு கடிப்பதற்கு முன்னரே, மார்கழி மழையில் அவர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தபோதே, சீனி கட்டுக்கடங்காமல் இருந்திருக்கிறது. வைரசு பிறகு வந்தது. ஸ்டெரொயிட் அதற்கும் பிறகு வந்தது.

அன்றிரவு

காது மூக்குத் தொண்டை நிபுணர் இரவு எட்டு மணிக்கு மூக்கினுள் குழாய்க் கமரா விட்டுப் பார்த்தார். நடு மூக்கெலும்பில் கறுத்த பொருக்கு. தொட்டால் வலியில்லை, கிள்ளினால் இரத்தமில்லை. அங்கிருந்து எடுத்த இழையத் துண்டைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் கரைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க அரை மணித்தியாலம் ஆனது. அகன்ற, நாடா போன்ற, குறுக்குச்சுவர் அரிதான இழைகள். கிளைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரிந்திருந்தன. அஸ்பெர்ஜிலஸ் என்ற வேறொரு பூஞ்சை என்றால் இழை மெலிதாக, சீரான குறுக்குச்சுவர்களோடு, கூர்ங்கோணத்தில் கவை பிரிந்திருக்கும். பள்ளியில் பங்கசு என்று படித்த உயிரினத்தில் இந்த இரண்டு வடிவங்களையும் வேறுபடுத்தத் தெரிந்திருப்பது ஓர் உயிரைத் தீர்மானிக்கும் என்று அப்போது யார் நினைத்தோம்? அஸ்பெர்ஜிலஸுக்கு முதல் மருந்தான வொரிகொனசோல், நாங்கள் கண்ட இந்த மியூக்கொராலிஸ் வகைப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எல்லா விடுதியிலும் கிடைக்கும் புளூகொனசோலும் செய்யாது.

கறுப்புப் பூஞ்சை என்று ஊரில் சொல்லும் மியூக்கோமைக்கோசிஸ் இதுதான். உண்மையில் இந்தப் பூஞ்சை கறுப்பு அல்ல. இரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து குழாயை அடைத்துவிடுகிறது. இரத்தம் கிடைக்காத இழையம் செத்துக் கறுக்கிறது. நாம் பார்ப்பது பூஞ்சையின் நிறமல்ல, செத்த சதையின் நிறம். சிகிச்சையின் கடினமும் இதில்தான் இருக்கிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் கத்தி இல்லாமல் மருந்து மட்டும் போதாது.

வளர்ப்புப் பரிசோதனைக்குக் காத்திருக்கவில்லை. அன்றிரவே அம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லியைத் தொடங்கினோம். அப்போது கைவசம் இருந்தது பழைய, வழக்கமான வடிவம். கிலோவுக்கு 1 மில்லிகிராம். முதலில் சேலைன் கொடுத்துச் சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டு, மருந்தை டெக்ஸ்ட்ரோசில் கலந்து மெதுவாக ஏற்றினோம். சேலைனில் கலந்தால் மருந்து திரண்டுவிடும். கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாகியிருந்த கீட்டோஅசிடோசிஸுக்கு இன்சுலின் ஒரு கையில், டெக்ஸ்ட்ரோசில் அம்போடெரிசின் மறு கையில். இன்சுலினும் பொட்டாசியத்தை இறக்கும், அம்போடெரிசினும் இறக்கும். மறுநாள் காலை பொட்டாசியம் 2.7. தாதியர் இருவர் அந்தப் படுக்கையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அதே மருந்தின் லிப்பொசோம் வடிவம், கொழுப்புத் துணிக்கைக்குள் அடைத்தது, வந்து சேர்ந்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 310 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 50. நாளுக்கு ஆறு குப்பிக்கு மேல், நான்கு வாரங்களுக்கு.

சீ.ரீ. ஸ்கானில் இடது கன்னச் சைனஸும் எத்மொயிட் சைனஸும் நிறைந்திருந்தன. கண்குழியின் உட்பக்கத் தசை தடித்திருந்தது. மூளைக்குள் பரவவில்லை. அமிலத்தன்மை சீரானதும் மறுநாளே முதலாவது சத்திரசிகிச்சை. செத்த இழையத்தை இரத்தம் கசியும் இடம் வரை அகற்றினார்கள். 48 மணித்தியாலம் கழித்துத் திறந்து பார்த்தபோது மேலும் கறுத்திருந்தது. இடது மேல்தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தின் பாதியையும் எடுக்க வேண்டியதாயிற்று.

கண்ணைப் பற்றிய முடிவுதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. கண்குழியை முழுவதுமாக அகற்றினால் மூளைக்குப் பரவும் வழி அடைபடும் என்பது ஒரு வாதம். கண்குழி அகற்றியவர்கள் அதனாலேயே அதிகம் பிழைக்கிறார்கள் என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை என்பது மறு வாதம். அப்போது பார்வை ஒளியுணர்வுக்கு இறங்கியிருந்தது. மனைவியையும் மகளையும் உட்காரவைத்து இரண்டு வாதங்களையும் சொன்னோம். நோயாளியே பதில் சொன்னார்: “உயிருக்குக் கட்டாயம் என்றால் எடுங்கள். இல்லையென்றால் இருக்கட்டும்.” எம்.ஆர்.ஐ.யில் கண்குழியின் பின்முனை தெளிவாக இருந்ததால் காத்திருந்தோம். கண் நின்றது. பார்வை திரும்பவில்லை.

பூஞ்சை வளர்க்கும் சபோராட் ஊடகத்தில் மூன்றாம் நாளே பஞ்சு போல வளர்ந்து மூடியைத் தொட்டது. மியூக்கொராலிஸ் வகையைச் சேர்ந்த ரைசோபஸ். மேலதிக உறுதிப்படுத்தலுக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினோம். நோயியல் அறிக்கையில் இரத்தக் குழாய்ச் சுவருக்குள் இழைகள் தெளிவாக இருந்தன.

வைரசின் பங்கு எவ்வளவு?

விடுதியில் இளம் மருத்துவர்கள் முதலில் கேட்டது, இது டெங்குவால் வந்ததா என்பதுதான். இந்தக் கேள்விக்கு அவசரமாக ஆம் என்று சொல்வது தவறு. வைரசு நோயும் ஊடுருவும் பூஞ்சையும் சேரும் வழிகள் வைரசுக்கு வைரசு வேறுபடுகின்றன.

வைரசே நேரடியாகக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சிறந்த உதாரணம் இன்புளுவென்சா. அது மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிடுகிறது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2009 முதல் 2016 வரை சேர்க்கப்பட்ட 432 இன்புளுவென்சா நோயாளரில் 83 பேருக்கு, அதாவது 19 வீதத்தினருக்கு, நுரையீரலில் அஸ்பெர்ஜிலஸ் ஊடுருவியிருந்தது. முன்னர் நோயெதிர்ப்புக் குறைபாடு எதுவும் இல்லாதவர்களிலும் 14 வீதம். பூஞ்சை வந்தவர்களில் 51 வீதத்தினர் 90 நாளுக்குள் இறந்தார்கள். வராதவர்களில் அது 28 வீதம். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஒருவர் இன்புளுவென்சாவால் செயற்கைச் சுவாசத்துக்குப் போய், சில நாளில் நிலைமை மோசமானால், பக்றீரியாவை மட்டும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எச்.ஐ.வி.யின் வழி வேறு. அது சீடி4 என்ற நோயெதிர்ப்புக் கலங்களை வருடக்கணக்கில் தின்று, கிரிப்டொகொக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறை வரை வர இடம்கொடுக்கிறது.

கொவிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அஸ்பெர்ஜிலஸ் விடயத்தில் அது இன்புளுவென்சாவின் உறவுக்காரன். மியூக்கோமைக்கோசிஸ் விடயத்தில் வைரசைவிட நம் கைகள் அதிகம் செய்திருக்கின்றன. 2021இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் ஜூலை நடுப்பகுதிக்குள் 45,000க்கு மேற்பட்ட மியூக்கோமைக்கோசிஸ் நோயாளர் பதிவானார்கள். அழுக்கான ஒட்சிசன் நீர், ஆவி பிடித்தல், துத்தநாகக் குளிசை என்று அப்போது எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் 2020இன் கடைசி நான்கு மாதங்களில் இந்தியாவின் பல வைத்தியசாலைகளில் சேர்ந்த 287 மியூக்கோமைக்கோசிஸ் நோயாளரை ஆராய்ந்தபோது, கொவிட்டோடு சேர்ந்து வந்த 187 பேரிலும் முன்னின்ற காரணம் கட்டுப்பாடற்ற நீரிழிவுதான். தேவையற்ற முறையில் கொடுத்த ஸ்டெரொயிட், கொவிட் வந்து சில நாள் கழித்துத் தோன்றும் மியூக்கோமைக்கோசிஸோடு தொடர்புபட்டிருந்தது.

தேவையற்ற என்ற சொல்லைத் தெளிவாக்க வேண்டும். கொவிட் நோயாளரிடம் செய்த பிரித்தானியாவின் பெரும் பரிசோதனையில் நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன், ஒட்சிசன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களில் மருந்து பெற்றவர்களில் 17.8 வீதம் இறந்தார்கள், பெறாதவர்களில் 14 வீதம். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். பயன் இல்லை என்பது மட்டும் தெளிவு. அதே மருந்து ஒரு படுக்கையில் உயிர்காப்பு, பக்கத்துப் படுக்கையில் வீண் ஆபத்து. ஸ்டெரொயிட்டை வெறுப்பது என் நோக்கமல்ல. ஆஸ்துமாவில் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அதைத்தான் நானும் எழுதுகிறேன்.

டெங்குவுக்கு வருவோம். டெங்குவின் பின் மியூக்கோமைக்கோசிஸ் வந்த தனித்தனி நோயாளர்களைப் பற்றிய அறிக்கைகள் இருக்கின்றன, ஆனால் மிக அரிது. ஆண்டுதோறும் டெங்குவால் படுக்கும் பெருந்தொகையானவர்களை நினைத்தால், வைரசு தனியே இதைச் செய்யுமானால் நம் விடுதிகள் நிரம்பியிருக்கும். டெங்கு வெண்குருதிக் கலங்களைச் சில நாள் குறைக்கிறது. சீனியை ஏற்றுகிறது. இரும்பைச் சேமிக்கும் புரதமான பெரிட்டினின் அளவை மிக உயர்த்துகிறது. இவையெல்லாம் பூஞ்சைக்குச் சாதகமாக இருக்கலாம். ஆனால் இவருக்கு முகம் நோகத் தொடங்கிய பதினாறாம் நாளில் வெண்குருதிக் கலங்களின் குறைவு தீர்ந்து ஒரு வாரமாகியிருக்கும். எனவே டெங்குவுக்கு நான் கொடுக்கும் இடம் சிறியது. அது நோயாளியைக் களைக்கவைத்தது. களைப்பு அவரை அந்தப் பொட்டலத்திடம் அனுப்பியது. டெங்குவில் ஸ்டெரொயிட்டால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. டெங்கு விட்ட பின் வரும் அசதிக்கும் இல்லை.

அப்படியானால் தூசி? அவருடைய உறவினர் பலர் அறுவடைத் தூசியைத்தான் குற்றம் சொன்னார்கள். ரைசோபஸ் மண்ணிலும் அழுகும் வைக்கோலிலும் பழைய பாணிலும் வாழ்வது. படுவான்கரையில் அந்த வித்திகளை மூச்சில் எடுக்காத ஒருவரைக் காட்ட முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று, ஒருவர் மட்டும் விழுந்ததற்குக் காரணமாகாது. சீனி சரியாக உள்ள உடம்பில் அந்த வித்திகளை விழுங்குகலங்கள் தின்றுவிடுகின்றன.

சீனி ஏறிய உடம்பில் நடப்பது வேறு. ரைசோபஸின் மேற்பரப்பில் உள்ள கொட்எச் என்ற புரதம், இரத்தக் குழாயின் உள்ளுறையில் உள்ள ஜிஆர்பி78 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. சீனியும் இரும்பும் கீட்டோனும் கூடும்போது குழாயில் அந்தப் புரதம் பெருகுகிறது, பூஞ்சையிலும் பற்றும் புரதம் பெருகுகிறது. அமிலத்தன்மை, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரினின் பிடியிலிருந்து இரும்பை விடுவித்துப் பூஞ்சைக்கு உணவாக்குகிறது. இரும்பை அகற்றக் கொடுக்கும் டெபெரொக்சமின் என்ற மருந்தையே ரைசோபஸ் இரும்பு ஏந்திவரும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த மருந்து பெறும் தலசீமியா நோயாளரிடம் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இவற்றின் மேல் ஸ்டெரொயிட் வந்தால் சீனியும் ஏறுகிறது, விழுங்குகலங்களின் கையும் கட்டப்படுகிறது. இவருக்கு நடந்தது இந்த வரிசைதான்.

ஒரு விடயம் என்னை இன்னும் உறுத்துகிறது. ஊடுருவும் பூஞ்சை நோயை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் ஆய்வு வரைவிலக்கணத்தில் ஸ்டெரொயிட் ஓர் ஆபத்துக் காரணியாக எண்ணப்பட மூன்று வாரப் பயன்பாடு வேண்டும். நீரிழிவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. இரத்தப் புற்றுநோயாளருக்காகவும் உறுப்பு மாற்றியவர்களுக்காகவும் எழுதப்பட்ட பட்டியல் அது. அதை அப்படியே வைத்துப் பார்த்தால் எங்கள் விவசாயி ஆபத்து இல்லாதவர். பத்து நாள் மருந்து, நீரிழிவு, அவ்வளவுதான். இலங்கையிலும் இந்தியாவிலும் இந்த நோய் தேடி வரும் வாசல் அந்தப் பட்டியலில் இல்லாத வாசல்.

தாமதம்

பல்வலி தொடங்கிய நாளிலிருந்து அம்போடெரிசின் ஏறும்வரை ஐந்து நாள் போயிற்று. இரத்தப் புற்றுநோயாளர் மத்தியில் செய்த ஓர் ஆய்வில், சிகிச்சை ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் 12 வாரத்துக்குள் 83 வீதத்தினர் இறந்தார்கள். முன்னதாகத் தொடங்கியவர்களில் 49 வீதம். எங்கள் நோயாளி வேறு வகையினர் என்றாலும், அந்த ஆறாம் நாளின் விளிம்பில்தான் அவர் வந்து சேர்ந்தார் என்ற எண்ணம் எனக்குண்டு.

ஆய்வுகூடப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருப்பது இங்கே ஆபத்து. பூஞ்சை நோய்க்கு வழக்கமாகக் கேட்கும் கலக்டொமனன், பீற்றா டீ குளூக்கன் என்ற பரிசோதனைகள் இரண்டும் மியூக்கோமைக்கோசிஸில் எதிர்நிலையாகவே வரும். எதிர்நிலை அறிக்கையை நம்பி நிம்மதியடைந்தால் நோயாளி போய்விடுவார். கண்ணும் டோர்ச்சும்தான் முதல் கருவிகள். நீரிழிவோ அண்மையில் ஸ்டெரொயிட்டோ உள்ள ஒருவருக்கு வைரசுக் காய்ச்சலுக்குப் பின் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் நொந்தால், மரத்தால், மூக்கிலிருந்து கறுத்த அல்லது இரத்தம் கலந்த நீர் வந்தால், பூச்சியில்லாத மேல்பல் ஆடினால், இமை தாழ்ந்தால் அன்றே மூக்கினுள் பார்க்க வேண்டும். பல் மருத்துவர்களிடம் இதைச் சொல்வது மிக முக்கியம். முதலில் இவர்கள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் பல் மருத்துவரின் கதிரைதான்.

மனைவி என்னிடம் தனியாக வந்து, பல்லைப் பிடுங்கியதால்தானா இது வந்தது என்று கேட்டார். அவர்தான் வற்புறுத்திப் பல் பிடுங்க அனுப்பினாராம். அம்மா, பல் ஆடியதே உள்ளே எலும்புக்கு இரத்தம் போகாததால்தான், நீங்கள் அனுப்பியதால் அல்ல என்று சொன்னேன். அந்த ஒரு பதிலுக்காக அவர் பத்து நாள் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார். ஊரிலோ இன்னொரு பயம். கறுப்புப் பூஞ்சை தொற்றும் என்று அயலவர் சிலர் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதே இல்லை. அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, அவர் அந்த வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்த பிறகு நிலைமை மாறியது.

பின்தொடர்கை

நான்கு வாரம் லிப்பொசோம் அம்போடெரிசின். பிறகு பொசகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் குளிசை, முதல் நாள் 300 மில்லிகிராம் இரண்டு வேளை, அதன்பின் நாளுக்கு ஒரு தடவை 300. அண்ணத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க வாய் முகத்தாடைப் பிரிவினர் செயற்கைத் தட்டொன்று செய்து கொடுத்தார்கள். அது வருவதற்கு முன் குடித்த தண்ணீர் மூக்கால் வரும், பேச்சு விளங்காது. தட்டைப் பொருத்திய அன்று அவர் முதலில் சொன்னது பேத்தியின் பெயரை.

எங்கள் விடுதியில் இப்போது டெங்கு, இன்புளுவென்சா, கொவிட் எதற்காகச் சேர்ந்தாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி பார்க்கிறோம். எழுமாற்றுச் சீனி 200ஐத் தாண்டினால் எச்பிஏ1சி எடுக்கிறோம். காய்ச்சல் சீனியா பழைய சீனியா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். அட்டையில் டெங்குவுக்குக் கீழே இரண்டாவது வரியாக அதை எழுதுகிறோம். வீட்டில் உள்ள குளிசைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். பெயரில்லாத பொட்டலங்கள் நான் நினைத்ததைவிட அதிகம் வருகின்றன.

ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 7.1. ஸ்கானில் புதிய அழிவு இல்லை, மூக்கினுள் எடுத்த பயொப்சியில் இழைகள் இல்லை. பொசகொனசோலை நிறுத்தினோம். இன்சுலினை மகள் போடுகிறார். கிளினிக் நாளை வீட்டுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம். பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் அடுத்த ஸ்கானை எடுத்துவிடலாமா என்று கடைசியாக வந்தபோது கேட்டார். திகதியைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.